தாத்தா படத்துக்கு மேலே நாலாவது விளக்கு

தகரத்தில் செய்த ஒரு மூடி. வெளிப்புறம் பச்சை வர்ணம், உட்புறம் வெள்ளை. விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது அதுதான் என் கண்ணில் பட்டது. உள்ளே இருந்ததை அறை என்று சொல்வதே அதிகம். ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். ஆனால் குமாஸ்தாவின் நெற்றிக்கு முன்னால், சற்று உயரத்தில், அந்த மூடிக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கவில்லை, முதுகிலும் விழவில்லை. டிக்கெட் அடுக்கின் மேலும் அவர் விரல்களின் மேலும் மட்டும் விழுந்தது. "டிக்கெட் வாங்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? ஜல்தியா நவுருப்பா" என்று பின்னால் நின்றவர் தள்ளினார். நகர்ந்தேன். ஆனால் திண்டிவனம் வண்டியில் ஏறி உட்காருவதற்குள் அண்ணியின் சாமான் அறை என் மனத்தில் வந்து நின்றுவிட்டது.

அண்ணி என்பது என் பெரியப்பா மகனின் மனைவி. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, டைப் அடிக்கக் கற்றுக்கொள்வதற்காக நான் திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். பெரியப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு பொந்துதான் சாமான் அறை. அரிசி, கேப்பை, ஊறுகாய் ஜாடிகள், எண்ணெய்த் தவலை, மண்டியில் மிஞ்சிய மூட்டைகள் எல்லாம் அதற்குள். பட்டப்பகலிலும் உள்ளே போனால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது. அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை முறை அதற்குள் நுழைந்து வெளியே வருவார் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. கையில் ஒரு சிம்னி விளக்கு. அதைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால் மிச்சம் ஒரு கையால் மூடி திறக்க வேண்டும், அளக்க வேண்டும், மூட வேண்டும். விளக்கைப் பின்னால் படியில் வைத்தாலோ அவருடைய நிழலே போய்ப் பானைக்குள் விழும். "இந்த நெழலு எனக்குச் சக்களத்தி தம்பி. நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி போயி ஒக்காந்துக்கினு எடத்த மறைக்குது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

யுத்தம் தொடங்கியிருந்தது. சீமெண்ணெய் கிடைப்பதே அரிதாகிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்கு மின்சாரக் கம்பி வந்தது. பெரியப்பா நாலு விளக்கு போதும் என்றார். வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சாமி அறைக்கு ஒன்று. நாலாவதைச் சாமான் அறைக்கு என்று நான் கேட்டுப் பெற்றேன். எங்கே மாட்ட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். சின்ன பல்பு போதும். நடு விட்டத்தில் வேண்டாம், அங்கே போட்டால் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அலமாரிக்கு முன்னால், தலைக்கு மேலே, மூட்டைகளில் படாமல் தள்ளி மாட்ட வேண்டும். சுவிட்சு உள்ளே இருக்கக் கூடாது. வெளியே, முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வருகிறவர் முழங்கையாலேயே தட்டிக்கொள்ளலாம் அல்லவா? பெரியப்பா தலையாட்டினார். ஒரு பழைய டின்னை வெட்டி, உள்ளே வெள்ளை பூசி, டிக்கெட் அறையில் பார்த்தது போலவே ஒரு மூடியும் செய்து வைத்தேன். அண்ணி அதைத் தலையில் கவிழ்த்துப் பார்த்து, "தொர மாதிரி இருக்கேனா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது வயர்மேன் வந்திருக்கிறார். திரும்பி வந்து பார்க்கிறேன், நாலாவது விளக்கு கூடத்துச் சுவரில், தாத்தா படத்துக்கு மேலே இருக்கிறது! முண்டாசும் மீசையுமாக அவர் பளபளவென்று இருந்தார். பெரியப்பாவின் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். குடும்பத்தின் கௌரவம் கூடத்தில் தெரிய வேண்டுமாம். இறந்து எத்தனையோ வருஷமான மனிதருக்கு வெளிச்சம். அவர் வம்சத்துக்கே வேளாவேளைக்குச் சோறு போடுகிறவளுக்கு இருட்டு. என் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி என் காதருகில், "படத்துல இருக்கிற தாத்தாவுக்கு ராவுல இன்னா தேடணுமாம்? மல்லாட்டை அளக்கிற படியா?" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று பல்பைப் பார்த்துக் கும்பிடுவது அப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பெரியப்பா படத்து விளக்கைப் போட்டுக் கை கூப்பியபோது உள்ளேயிருந்து அண்ணியின் அலறல் கேட்டது. சீமெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக, பழகிய இடம்தானே என்று விளக்கில்லாமல் நுழைந்து கேப்பைப் பானையின் மூடியில் கை வைத்திருக்கிறார். தேள். அண்ணன் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கொட்டிய இடத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே! தாத்தா படத்துக்கு நேர் கீழே உட்கார வைத்துத்தான் வெங்காயம் தேய்த்தார்கள். பெரியப்பா, "பாத்து கைய வைக்கக் கூடாதாம்மா?" என்றார். எதைக் கொண்டு பார்ப்பது? என்னால் பொறுக்க முடியவில்லை. "பெரிப்பா, அந்த வெளக்க இப்பவே கழட்டி உள்ள மாட்டலாம்" என்றேன். "எங்கப்பாவ இருட்டுல வெக்கச் சொல்றியாடா? ரெண்டு எழுத்து படிச்சிட்டா பெரிய ஆளா நீ?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அண்ணிக்காக அல்ல. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் ஆறவில்லை. அண்ணி சில நாள் இடது கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினார். அந்த அறைக்குள்தான் மறுபடியும் போனார், வந்தார்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். கூடத்துக்கு பல்பு வேண்டும் என்று யார் வந்தாலும், "உங்க வீட்டு சாமான் அறையில என்ன எரியுது?" என்று கேட்டுவிடுகிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

பெரியப்பா இந்தத் தை மாதம் காலமானார். போன வாரம் அண்ணன் கடைக்கு வந்தார். "அப்பா படம் வந்துடுச்சுடா. தாத்தாவுக்கு எதிர் சுவத்துல மாட்டியிருக்கேன். அதுக்கும் ஒரு லைட்டு போடணும். இல்லாட்டி நாலு பேர் இன்னா சொல்வாங்க?" என்றார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர் என்று அடக்கிக்கொண்டு வயர் அளந்தேன். புறப்படும்போது அவராகவே, "ஒண்ணு மறந்துட்டேன். நீ வரும்போது அந்தப் பழைய தகர மூடிய எடுத்துக்கினு வரணுமாம். ஒங்க அண்ணி சொல்லியனுப்பிச்சா. எதுக்குடின்னு கேட்டா சிரிக்கிறா. பொந்துக்கு வேற சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வயர்மேனையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் போகிறேன். முதல் வேலையாகப் பெரியப்பா படத்தைக் கழற்றித் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். அப்பாவும் பிள்ளையும் ஒரே விளக்கைப் பகிர்ந்துகொள்ளட்டும்; இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. அண்ணன் சத்தம் போட்டால் நானும் போடுவேன், இந்தத் தடவை நகர்ந்து கொடுக்க மாட்டேன். அப்போதே என்னோடு கொண்டுவந்துவிட்ட மூடியைத் தேடி எடுத்துத் துருவைச் சுரண்டி, வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையும் புதிதாகப் பூசி வெயிலில் வைத்திருக்கிறேன். சுவிட்சை எங்கே வைப்பது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. அண்ணியை இரண்டு கையிலும் தவலையோடு அந்த வாசலில் நிற்கச் சொல்லி, அவர் முழங்கை எங்கே வருகிறதோ அங்கே குறி போட வேண்டும்.