அண்ணனின் ஏலக்காயில் நான்கு கோடுகள்

போடியில், ஏலக்காயில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் இயந்திரம் அங்கே இருக்கிறது. எடையை மட்டும் வைத்து இன்ன மருந்து என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே தனிமத்திலும் கனம் குறைந்த அணு, கூடிய அணு என்று ஐசோடோப்புகள் உண்டு. அவை கலந்திருக்கும் விகிதத்தைக் கணக்கிட்டால், எந்த மருந்து திரையில் எத்தனை கோடுகளாக, என்ன உயரத்தில் விழும் என்று தெரிந்துவிடும். நாங்கள் தேடும் பட்டியலில் உள்ள அத்தனை மருந்துக்கும் இந்தக் கணக்கைப் போட, பழைய மென்பொருள் டீ குடித்துவிட்டு வரும் நேரம் எடுத்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. நடக்க வாய்ப்பில்லாத அணுச் சேர்க்கைகளை முதலிலேயே கழித்துவிடும் புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குரங்கணிக்கு மேலே அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். என் நச்சரிப்பால் இரண்டு வருடமாக மருந்தே அடிக்கவில்லை. பூச்சி பாதியைத் தின்றது. ஊர் சிரித்தது. இந்தக் காய் சுத்தமென்று வந்தால் தொடர்வது, இல்லையென்றால் பழையபடி மருந்துக்கே போவது என்றிருந்தார். காயோடு அவரே ஜீப்பில் மலையிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காயை அரைத்துக் கரைத்து இயந்திரத்தில் ஏற்ற மதியமாகிவிட்டது. திரையில் நான்கு கோடுகள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், மூன்றாவது அதில் மூன்றில் ஒரு பங்கு, நான்காவது இருந்தும் இல்லாததுபோல். மூன்று குளோரின் அணு உள்ள பூச்சிமருந்து இப்படித்தான் விழும். என் புரோகிராம் போட்ட கோடுகள் அச்சாகப் பொருந்தின. காயில் மருந்து இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

"என்ன ஆத்தா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? வெரசா பாத்தா தப்பு வராதா? மெதுவா ஒருக்கா போட்டுப் பாரேன்," என்றார். தங்கச்சி என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

பழைய மென்பொருளில் போட்டேன். அது ஓடி முடியும்வரை இருவருக்கும் நம்பிக்கை இருந்தது. அதே மருந்துதான் வந்தது.

"சத்தியமா ஒரு சொட்டு அடிக்கல, ஆத்தா."

"காய எதுலண்ணே கழுவுனீங்க?"

"முன்னாடி மருந்து கலக்குன டிரம்முலதான். சோப்பு போட்டுக் கழுவிட்டா போதும்னு நீதான சொன்ன?"

சொன்னேன்தான். போனில், அவசரத்தில். பிளாஸ்டிக் டிரம் மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

புது டிரம் வாங்கி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன்.

"அடிக்காட்டியும் இதான விழுகுது," என்று எழுந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர் தெருவைக் கடந்து எதிரே பூச்சிமருந்தும் விற்கும் உரக்கடைக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டுத் தடுப்பேன்?