துப்பாக்கி எடுத்தால் வாளியும் எடு

ஆர்டிஸுக்குத் துப்பாக்கி விற்ற காசு பெரிதில்லை. அந்த அறை காலியாக வேண்டும்.

அமெரிக்காவின் மொன்டானாவில் அவள் வீட்டில் படியேறாமல் போகக்கூடிய படுக்கையறை அது ஒன்றுதான். குளியலறையும் பக்கத்திலேயே. கணவர் ஹார்லன் அதில் படுக்கையைத் தவிர எல்லாம் வைத்திருந்தார். சுவர் நிறையத் துப்பாக்கிகள். சன்னலோரம் ஒரு கனத்த மேசை. சுட்டுத் தீர்ந்த வெத்துக்கூடுகளுக்கு மறுபடி மருந்து அடைத்துத் தோட்டாவாக்கும் கருவி அதன்மேல் பூட்டியிருந்தது. கீழே வாளி வாளியாகப் பித்தளைக் கூடுகள், ஈயக்கட்டிகள், அச்சுகள். வசந்தத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சரக்கெல்லாம் ஆர்டிஸ் தலையில் விழுந்தது.

இடுப்பெலும்பு முறிந்த அவள் தங்கை வெர்லா, டவுனில் முதியோர் இல்லத்தில் கிடந்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டில் தோதான அறையைக் காட்டினால் அனுப்புவார்கள். இல்லையென்றால் மாடியில் நிரந்தர வார்டு. ஆர்டிஸ் அதே இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த மாடிக்குப் போனவர் எவரும் இறங்கி வந்து அவள் பார்த்ததில்லை.

தீவனக் கடைப் பலகையில் "விற்பனைக்கு" என்று எழுதி ஒட்டினாள். முதலில் வந்தவர் பக்கத்துப் பண்ணை டெல்மர். பூட்ஸைக் கழற்றினார், காபி குடித்தார், ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், தப்பிப்போன ஒரு மானைப் பற்றி நீளமாகச் சொன்னார். பிறகு வண்டிக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்.

"இது ஹார்லன் மருந்து நிறுக்கற தராசு, ஆர்டிஸ். இரவல் வாங்கிட்டுப் போனது."

"எப்ப?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? உயிரோட இருந்தப்ப அவனே கேக்கட்டும்னு இருந்துட்டேன். செத்தவன் பொருளை வெச்சுக்கிட்டா என் குண்டு நேராப் போகாது."

பெட்டியை வைத்தார், போய்விட்டார். வாங்கியது ஒன்றுமில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் அப்படித்தான். வருகிறவனெல்லாம் எதையாவது திருப்பிக் கொடுக்க வந்தான். ஒருவன் ஈயம் உருக்கும் சட்டி, இன்னொருவன் அச்சுப்பெட்டி. அவள் கண்ணாலேயே பார்த்திராத ஒரு ரைஃபிள்கூட வந்து சேர்ந்தது. விற்க ஆரம்பித்த பிறகு அறையில் கால் வைக்க இடமில்லை.

"நான் கடை போட்டிருக்கேனா, குப்பை வாங்கறேனா?" என்று போனில் பொரிந்தாள்.

"உன் புருஷன் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லையே. இப்ப அனுபவி" என்றாள் வெர்லா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர்டிஸ், நேத்து மாடியில எனக்குக் கட்டில் காட்டினாங்க" என்றாள்.

ஆர்டிஸ் போனை வைத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வாங்க மனமுள்ளவர்களும் ரைஃபிளைத்தான் கேட்டார்கள், கூடும் ஈயமும் யாருக்கும் வேண்டாம். இல்லத்தில் வேலை பார்த்தபோதும், காரட்டை முழுங்காத கிழவர்களுக்கு அவள் இனிப்புப் புட்டிங் கொடுத்ததே இல்லை. சனிக்கிழமை விற்பனை என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினாள், வாசலில் ஒரு சட்டத்தையும் எழுதி மாட்டினாள்: துப்பாக்கி எடுத்தால் வாளியும் எடு.

டெல்மர்தான் முதல் ஆள்.

"டிரைவிங் லைசென்ஸ் காட்டு. பேரைப் பாக்கணும்."

"ஆர்டிஸ், என் கல்யாணத்துக்கு நீதான் கேக் செஞ்சே!"

"தெனம் குளிப்பாட்டின கிழவிக்கும் கையில பேர்ப்பட்டை பாத்துட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். காட்டு."

காட்டினார். அவர் ஆசைப்பட்ட ரைஃபிளோடு இரண்டு வாளியும் ஒரு சட்டியும் அவர் காலடிக்கு வந்தன.

"இதைக் கொண்டுபோனா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"கொட்டகையில படு. அடுத்த ஆள் வா!"

மத்தியானத்துக்குள் அறை காலியானது. மிஞ்சியது ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அந்த மேசையும். மேசை தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தவர்களெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

திங்களன்று இல்லத்திலிருந்து அறையைச் சோதிக்க கெல்சி என்ற இளம்பெண் வந்தாள், அளவு நாடாவும் கையுமாக. ஆர்டிஸ் அவசரத்தில் துப்பாக்கிமேல் போர்வையைப் போட்டாள்.

"அது என்னம்மா?"

"துடைப்பம்."

கெல்சி போர்வையை விலக்கினாள். துப்பாக்கியை மடக்கித் திறந்தாள், தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டாள், தோளில் வைத்துப் பார்த்தாள். "நல்ல துடைப்பம். வித்தாச்சா?"

"மொதல்ல வந்த வேலையைப் பாரு."

கெல்சி அளந்தாள். கதவு சரி, குளியலறை சரி. மேசையருகே வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "இது இருந்தா சக்கர நாற்காலி திரும்பாது. நான் கையெழுத்துப் போட முடியாது."

ஆர்டிஸ் மேசையை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். மாதக் கடைசிக்கு நாளில்லை.

கெல்சி நகரவில்லை. மேசைமேல் இருந்த தோட்டாக் கருவியின் நெம்புகோலை இறக்கி ஏற்றினாள். எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. "கடையில தோட்டாவே கெடைக்கறதில்ல. மான் வேட்டை வேற தொடங்கப்போகுது. மேசையோட எனக்குத் தருவீங்களா? ஆனா, உங்ககிட்ட சலுகை வாங்கினேன்னு ஆபீஸ்ல பேசுவாங்களே."

"சலுகையா? கேக்கறவனுக்கெல்லாம் கொறைச்சுக் கொறைச்சு வித்திருக்கேன். உனக்கு மட்டும் முழு விலை. ஒரு டாலர் கொறைக்க மாட்டேன். எவன் பேசுவான் பாக்கறேன்."

"அநியாயம்!"

"துப்பாக்கியும் சேத்து எடுத்துக்கோ. லைசென்ஸைக் காட்டு."

கெல்சி வண்டியிலிருந்து பெரிய ஸ்பானர் கொண்டுவந்து மண்டி போட்டாள். ஆர்டிஸ் வெந்நீரும் எண்ணெயும் ஊற்றி, ஊற்றியதற்கு மேல் திட்டினாள். கடைசி போல்ட் கழன்றதும் இருவரும் மேசையை அசைத்து அசைத்து வெளியே தள்ளினார்கள். கெல்சி மறுபடி அளந்தாள், கையெழுத்துப் போட்டாள்.

வியாழனன்று வெர்லா வந்தாள். படுக்கையில் உட்கார்ந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். துப்பாக்கி தாங்கிய மர முளைகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு எதுக்கு?"

"வாயாடினா உன்னை மாட்டறதுக்கு."

வெர்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆர்டிஸ் அவள் மேலங்கியை ஒரு முளையிலும் பையை இன்னொன்றிலும் மாட்டினாள். பிறகு நடைவண்டியை அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"சிரிச்சது போதும். எழுந்திரு, குளியலறை வரைக்கும் நடந்து காட்டு."