சந்நிதிக்குப் போன முதல் மூட்டை

மாசியில் பெருமழை பெய்யக் கூடாது. பெய்தால் முற்றுகிற வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். எனக்கு வெங்காயத் தோட்டம் கிடையாது. என் வளவில் இருப்பது ஐந்து தென்னை, இரண்டு மா, ஒரு தேசி, அவ்வளவுதான். ஆனாலும் இந்த வருடம் மாசி பிறந்ததிலிருந்தே நான் முற்றத்துக்கும் வேலிப் படலைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வானம் கொஞ்சம் கறுத்தாலும் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பேன். பத்திரிகையைக் கையில் எடுத்தால் காலநிலைப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது.

"இஞ்சாருங்கோ, மழை வந்தாப் போய் மறிக்கப் போறியளோ? தேத்தண்ணி ஆறுது," என்பாள் மனைவி.

அந்த வெங்காயம் வேறொருத்தியுடையது. அதற்கு விதை கொடுத்தது எங்கள் சபை. கொடுக்கத்தான் வேண்டும் என்று வாதாடியது நான்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவது தொழிலால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. ஜெபத்துக்குத் தலை குனிவதற்குள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவேன். போன வாரத்தை விடக் குறைவு என்றால் அன்றைய பிரசங்கம் காதில் ஏறாது. இப்படிப்பட்ட ஆளை உதவிக் குழுவில் போட்டது யாருடைய யோசனையோ, எனக்குத் தெரியாது.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு பேணியில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து எங்கள் வேதக் கோயில் பெட்டியில் கொட்டுவார்கள். இல்லாதவர்களுக்கு என்று வைத்த பங்கு அது. இப்போது பலர் அதற்குப் பதிலாகக் காசு போடுகிறார்கள், ஆனாலும் பெயர் பிடியரிசிதான். ஒவ்வொரு வீடும் தன் சட்டியில் குறைத்துத் தந்ததை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இறைக்க முடியாது என்பது என் கட்சி. வாசலில் வந்து சத்தமாகக் கேட்பவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்க வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடப்பவரைத் தெரியாமல் இருப்பதை நான் இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அது சோம்பல். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியதில், விசாரிக்கப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. சைக்கிளில் போவேன். அடுப்பைப் பார்ப்பேன், கூரையைப் பார்ப்பேன், அயலில் விசாரிப்பேன். "மாஸ்டர் சோதினை வைக்க வாறார்" என்று ஊரில் பகிடி.

மார்கழிக் கடைசியில் ஒரு பெண் போதகரைத் தேடி வந்தாள். எங்கள் சபைக்காரி அல்ல. வட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, மண் சிவக்கத் தொடங்குகிற பக்கத்துச் சைவக் குடும்பம். கணவன் மேசன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்து, பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, இப்போது வீட்டில் படுத்த படுக்கை. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்து வந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விதை வெங்காயத்தையும் விற்றாயிற்று. காணிக்காரர் கனடாவில். இங்கே காணி பார்க்கிறவர், தைக்குள் நடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நடுவதற்கு விதை வாங்கித் தர முடியுமா என்பதுதான் அவள் கேட்டது.

நான் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்தக் காணி போனால் அவள் தூரத்துத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போக வேண்டும். போனால் படுக்கையில் கிடக்கிற மனிதனைப் புரட்டிவிட ஆள் இல்லை. ஏற்கெனவே முதுகில் ஒரு புண் இருந்தது. காணி வீட்டோடு இருப்பதால் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து அவனைப் புரட்டிவிட்டு ஓடலாம். காணியைத்தான் அவள் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். விதை அதற்கு வழி.

"வெளிநாட்டிலை ஆரும் இருக்கினமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாற்றை ஆக்களும் அங்கைதான் ஐயா. எங்கடை ஆக்கள் மட்டும் இஞ்சை."

"விதையைத் தந்தா விக்காமல் நடுவீரோ?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "விக்கிறதெண்டா அரிசியைக் கேட்டிருப்பன். அது கெதியா விலைப்படும்."

குழுவில் இதைச் சொன்னபோது ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் தலையை ஆட்டினார். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற மனிதர். நாற்பது வருடமாகக் கோயிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவர். "மாஸ்டர், வழக்கம்போல உலர் உணவுப் பையைக் குடுப்பம். அரிசி, மா, பருப்பு. மழைக்கு அழுகாது."

"பை முடிய அவ திரும்ப எங்கடை வாசலுக்கெல்லோ வரவேணும்?"

"வரட்டுமே. அதுக்குத்தானே வாசல் வச்சிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். போதகர் இளம் ஆள். அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, "மாஸ்டர் பொறுப்பெடுக்கிறாரோ?" என்றார். "ஓம்," என்றேன். சொல்லும்போது சின்னச் சொல்லாக இருந்தது. பிறகு அதுதான் என்னை முற்றத்துக்கும் படலைக்குமாக நடக்க வைத்தது.

பிடியரிசிக் காசில் விதை வாங்கிக் கொடுத்தோம். நட்டாள். நான் காலமையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகத் தொடங்கினேன். முதலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. பிறகு தினமும். வேலிக்கு வெளியே நின்று பாத்திகளை எண்ணுவேன். ஒரு பாத்தியில் எத்தனை வரிசை, எத்தனை வரிசையில் தாள் நுனி மஞ்சளாகியிருக்கிறது என்று எண்ணுவேன். ஒருநாள் அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, நிக்கிற பயிரை எண்ணாதேங்கோ. கண்ணூறு படும்."

"எனக்கு உதிலை நம்பிக்கையில்லை, பிள்ளை."

"உங்களுக்கு இல்லை. வெங்காயத்துக்கு இருந்தா?" பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைப் பார்த்து, "இந்த முறை வெருளி கட்டத் தேவையில்லையடி. காலமை காலமை ஐயா வந்து நிக்கிறார், ஒரு காகமும் இறங்குதில்லை," என்றாள். அவர்கள் சிரித்த சிரிப்பு நான் ஒழுங்கை திரும்பும்வரை கேட்டது. அடுத்த நாளும் போனேன். எண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். உதட்டை அசைக்காமல் எண்ணினேன்.

மாசி நடுவில் மழை வந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி மத்தியானத்துக்குள் பிடித்துக்கொண்டது. நான் குடையோடு போய்ச் சேர்ந்தபோது அவளும் அயல் பெண்கள் நாலு பேரும் முற்றாத வெங்காயத்தைச் சேற்றோடு இழுத்துப் பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, எண்ண வந்தனீங்களோ, இழுக்க வந்தனீங்களோ?"

குடையை வேலியில் மாட்டிவிட்டு இறங்கினேன். ஒரு வரிசை முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "மாஸ்டரைத் தூக்கிக் கொட்டிலுக்கை வையுங்கோடி, நனைஞ்சா அவரும் அழுகிப்போவார்," என்றாள் ஒருத்தி. கொட்டிலுக்குள் நின்று கடகங்களை வாங்கி வாங்கிப் பரப்பினேன். அவள் இரண்டு தடவை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, கணவனைப் புரட்டிவிட்டு, சேற்றுக் காலோடு திரும்பி வந்தாள்.

மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சத்தை உலர்த்தி விற்றுக் குத்தகையைக் கட்டினாள். ஆனால் மழை நனைத்த வெங்காயம் விதைக்கு நிற்காது. சித்திரை நடுகைக்குத் தேடித் தேடிப் பொறுக்கியும் பாதிக் காணிக்குத்தான் விதை இருந்தது. பாதி வெறுமையாகக் கிடந்தால் அந்தப் பாதியை வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பேன், பிறகு முழுவதையும் அவனே கேட்பான் என்று காணி பார்க்கிறவர் சொல்லியிருந்தார். மிச்ச விதையைச் சபையிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் தபாலதிபர் என்னை மறித்தார்.

"மாஸ்டர், எங்கடை வெங்காயம் இப்ப எங்கை நிக்குது, தெரியுமோ?"

"சந்தையிலை."

"சந்நிதியிலை. முதல் மூட்டையை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு தொண்டைமானாத்து முருகன் கோயிலுக்குப் போய், அன்னதான மடத்திலை இறக்கிப்போட்டு வந்திருக்கிறா உங்கடை ஆள். எங்கடை பிடியரிசி முருகன்ரை சாம்பாருக்குள்ளை கொதிக்குது."

அன்று எங்கள் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து பீடத்தருகே வைத்து, ஆராதனைக்குப் பிறகு ஏலம் போடுகிற நாள். ஒன்பது வாழைக்குலை இருந்தது. ஏழு பூசணி. வெங்காயப் பிடி மூன்று, மூன்றும் எங்கள் ஆட்களுடையவை. நாலாவதாக ஒன்று இருக்கும் என்று நான் யாரிடமும் சொல்லாமல் எதிர்பார்த்திருந்தேன். ஏலத்தில் அதை நானே எடுப்பதாகவும் நினைத்து வைத்திருந்தேன். அன்று ஏலத்தில் எதற்கும் வாய் திறக்கவில்லை. வீட்டில் சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தேன். மனைவி என்னவென்று கேட்டாள். தலையிடி என்றேன்.

மறுநாள் காலமையே போனேன். அவள் கிணற்றடியில் கணவனின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல் மூட்டையைச் சந்நிதிக்குக் குடுத்தனீராம்?"

"ஓம் ஐயா." அவள் அதை ஒளிக்கவில்லை.

"எங்கடை கோயிலுக்கு ஒரு பிடியெண்டாலும்…" என்று இழுத்தேன்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பன். நீங்கள் கனக்கக் கேட்டனீங்கள், அதை மட்டும் கேக்கேல்லை." பிறகு விரிப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையளோடை சந்நிதிக்குப் போனனான். ஊருக்குக் கும்பிடப் போறனெண்டு சொன்னன். சாப்பிடத்தான் போனது. இலை போட்டவை எங்களை ஆரெண்டு கேக்கேல்லை. அப்ப நேந்தனான் ஐயா, வாற வெங்காயத்திலை முதல் மூட்டை இஞ்சைதானெண்டு. உங்களைக் காண முதல் நேந்தது."

"அப்ப நாங்கள் உம்மை அவ்வளவு விசாரிச்சது பிழையோ?"

"பிழையெண்டு ஆர் சொன்னது? விசாரியாமல் தந்திருந்தா அரிசிப் பையைத்தானே தந்திருப்பியள்?"

வரும் வழியில் சைக்கிளை இரண்டு இடத்தில் நிறுத்தினேன். சோற்றைக் கேள்வி கேட்காமல் போடலாம். பசித்தவன்தான் பந்தியில் குந்துவான், கேள்விக்கு அங்கே இடமில்லை. விதையைக் கேளாமல் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. கொடுத்த பிறகும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், வேலிக்கு வெளியே நின்று, வாயைத் திறக்காமல். முதலாவது கேள்விகள் அவளுக்காகக் கேட்டவை. பிந்தியவை யாருக்காக என்பது யோசிக்க யோசிக்க நல்லதாகப் படவில்லை.

குழு கூடியது. தபாலதிபர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். "எனக்கு முருகனோடை கோவமில்லை. பிடியரிசி போட்ட சனம் நாளைக்குக் கேட்டா என்ன மறுமொழி சொல்லுறது? இந்த முறை விதையை முருகனிட்டைக் கேக்கச் சொல்லுங்கோ."

நான் எழும்பினேன். "விதையை விதையாப் பாவிச்சாவோ? பாவிச்சா. காணி அவவின்ரை கையிலை நிண்டுதோ? நிண்டுது. விளைஞ்சது அவவின்ரை. அதுக்கு மேலை கணக்குக் கேக்கிறதுக்கு நாங்கள் என்ன காணிக்காரரோ?"

"அப்ப ஒவ்வொரு நாளும் சைக்கிள்ளை போய் வேலியடியிலை நிண்டது ஆர்? காணிக்காரரோ?"

திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். போதகர்தான் பேசினார். "குடுக்கேக்கை நாங்கள் அவவுக்கு ஒரு நிபந்தனையும் சொல்லேல்லை. இப்ப புதுசாச் சொல்ல ஏலாது. இனிமேல் சொல்லுறதுக்கும் எனக்கு மனமில்லை. விதைக்குச் சம்மதமெண்டவை கையை உயர்த்துங்கோ."

கைகளை எண்ணினேன். தபாலதிபரின் கை கடைசியாக, காதளவுக்கு மட்டும் எழும்பியது. "கடையிலை வாங்காதேங்கோ, கலப்பு விதை தருவாங்கள்," என்றார், யாரையும் பாராமல். "என்ரை குசினியிலை அரை அந்தர், இருபத்தஞ்சு கிலோ வரும், கட்டித் தூக்கியிருக்கு."

சித்திரையில் அந்த விதையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தபாலதிபரும் நானும் போனோம். அவர் அந்த இடத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. அவள் சாக்கைக் கொட்டி, ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துப் பிரித்தாள். மெத்தென்றிருந்ததை ஒரு பக்கம் எறிந்தாள்.

"இது ஆற்றை விதை? சிலது கோது, உள்ளுக்கை ஒண்டுமில்லை."

"என்ரை மாமியார் வீட்டு விதை!" என்றார் தபாலதிபர்.

"அப்ப இந்தக் கொஞ்சத்தையும் மாமியாரிட்டையே குடுத்துவிடுங்கோ."

எறிந்ததில் ஒன்றை அவர் எடுத்து அமத்திப் பார்த்தார். அதற்குள் காணி பார்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்ன மாஸ்டர், இப்ப இது வேதக்காரற்றை காணியோ?"

"இது என்ரை குத்தகை," என்றாள் அவள், குனிந்தபடியே. "முழுக்க நடுறன். வேலி ஓரமும் நடுவன்."

அவர் வேலி ஓரத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப சரி. வாற வருஷத்துக்கும் உம்மடை பேரிலையே விடச் சொல்லிக் கனடாவுக்குச் சொல்லுறன்," என்றுவிட்டுப் போனார். அவள் கையில் இருந்த வெங்காயத்தை ஊன்றினாள், அடுத்ததை எடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து கணவன், "என்னவாம்?" என்று கேட்கும் சத்தம் வந்தது. "விடுறாராம்!" என்று கத்தினாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஐயாமார், வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ. நீங்கள் நிக்கிற இடத்திலைதான் அடுத்த பாத்தி."

குனிந்து பார்த்தோம். கொத்திச் சமப்படுத்திய மண்ணில் நாலு கால் அடையாளம் ஆழமாகப் பதிந்திருந்தது. வரம்பில் ஏறி, ஒழுங்கைக்கு வந்தோம்.

"நாளைக்கு இந்தப் பக்கம் வாறியளோ?" என்று கேட்டார் தபாலதிபர்.

"இல்லை. வர வேண்டிய தேவையில்லை."

அவர் திரும்பி அந்தப் பாத்திகளைப் பார்த்தார். "நான் ஒருக்கா வந்து பாக்கத்தான் வேணும்," என்றார். "என்ரை விதையெல்லோ."