தண்ணீர் போன இடம்

அந்தப் பட்டறைக்காரருக்கு லாரி ஸ்டாண்டில் முள்ளு என்று பெயர். வேலை சுத்தம், வாய்தான் குத்தும். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டுறவனைத்தான் பிரிச்சுப் பாக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படியும் ஸ்டாண்டில் பாதி வண்டிகள் அவரிடம்தான் வந்துகொண்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் அது நின்றது. நிறுத்தியவர் வெளியாள் இல்லை, சொந்த அக்கா புருஷன். ஒரு லோடு தக்காளியோடு அவருடைய பழைய லாரி நடுவழியில் கொதித்து நின்றுவிட்டது. தக்காளி அழுகி ஒழுகியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் முள்ளு அந்த வண்டிக்கு ரேடியேட்டர் ஹோஸ் என்ற தண்ணீர்க் குழாயை மாற்றியிருந்தார். "மச்சினன்னு நம்பி விட்டேன், பழைய ஹோஸைப் போட்டு ஏமாத்திட்டான்" என்று மாமா ஸ்டாண்டில் நின்று முழங்கினார். உறவுக்காரனே சொல்லும்போது ஊர் நம்பாதா? நம்பியது.

அன்றிலிருந்து இருவரும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதே லாரி ஒரு நாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது அக்காதான்.

"ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடிச்சது, இப்ப தினம் ரெண்டு குடம் குடிக்குதுடா. ரேடியேட்டர் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு. கீழே ஒரு சொட்டு இல்ல. நீ பாரு."

"அவர் வாய் திறந்து கேக்க மாட்டாரா?"

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கச் சொல்லு உன் தம்பியை. இல்லேன்னா வேற பட்டறை இருக்கு."

"மூணு பட்டறை பாத்துட்டுத்தானே லாரிக்காரர் இங்க வந்திருக்கார்?" என்றார் முள்ளு. மாமா என்ற முறை அவர் வாயில் வரவில்லை.

பார்க்க மாட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் மூன்று பேர் தேடியும் கிடைக்காத ஒழுக்கு என்றதும் கை அரித்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அது ஆறியதும் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். காதைத் தீட்டிக்கொண்டு சுற்றி வந்தார். கேபினுக்குள் ஏறி, சீட்டுகளுக்கு நடுவே இருந்த எஞ்சின் மூடியைக் கழற்றியதும், பின்பக்கத்திலிருந்து பாம்பு சீறுவதுபோல மெல்லிய சத்தம் வந்தது.

எஞ்சினின் முதுகுக்கும் கேபின் தகட்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. கண்ணால் பார்க்க வழியில்லை. சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு, டார்ச் அடித்தார். எஞ்சினின் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் வட்டத் தகர மூடி ஒன்று, கோர் பிளக் என்பார்கள், துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ஒழுகும் தண்ணீர் சூட்டிலேயே ஆவியாகிவிடும். தரைக்கு எங்கே வரும்? அதைவிட, மூடியைச் சுற்றி ஏதோ சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. கம்பியால் நெம்பி ஒரு துண்டை வெளியே எடுத்தார். பைப்பு ஒழுகினால் பிசைந்து அடைப்பார்களே, அந்தப் பசை. கல்லாக இறுகியிருந்தது.

"இதை எவன் அப்பினது?"

அக்கா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது நீங்க என் சாப்பாட்டுத் தட்டுல வெச்சுப் பிசைஞ்சதுல்ல? தட்டே பாழாப் போச்சுன்னு நான் சண்டை போட்டேனே! தக்காளி லோடுக்கு மொத நாள்!"

பக்கத்து டயர் கடைக்காரர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஒழுகுச்சு, அடைச்சேன். அடைஞ்சிருச்சுன்னுதான் நினைச்சேன்" என்றார் மாமா.

"அப்புறம் ஏன் ஹோஸ் மேல பழி போட்டீங்க?" முள்ளு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "ரெண்டு வருஷம் என் பட்டறையில ஈ ஓட்டினேன்."

"பேசாம வேலையைப் பாருடா."

முள்ளு ஸ்பேனரை ஓங்கிவிட்டார். அக்கா கையைப் பிடித்தாள். அவர் ஸ்பேனரைத் தரையில் எறிந்துவிட்டு, வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். பாதியில் விட்டால், தான் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று இந்த ஆளே நாளைக்குப் பேசுவான்.

சுத்தியல் வீச அங்கே இடமில்லை. ஒரு போல்ட்டில் நட்டைப் பூட்டி, கேபின் தகட்டுக்கும் துருப்பிடித்த மூடிக்கும் நடுவே முட்டுக் கொடுத்து, நட்டைக் கால் கால் திருகாகத் திருகினார். மூடியின் ஒரு ஓரம் உள்ளே அமுங்கி மறு ஓரம் வெளியே நிமிர்ந்தது, இடுக்கியால் பிடுங்கினார். முழங்கை வரை தோல் உரிந்தது. ஓட்டையின் உதட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது மூடியை அதே முட்டில் நூல் நூலாக உள்ளே இறக்கினார். ஒரு முறை கோணி நின்றது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து. மதியம் தாண்டிவிட்டது. மாமா ஒரு டார்ச் கூடப் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொல்லி இவரும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். தண்ணீர் விட்ட அளவு அப்படியே நின்றது.

"ஸ்டாண்டுல போய் நடந்ததைச் சொல்லணும். அதுதான் கூலி" என்றார் முள்ளு.

"சொல்லலாம், சொல்லலாம்" என்று கியரைப் போட்டார் மாமா.

அவர் சொல்லவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்காவே அந்தப் பசைத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள். புருஷன் டீ குடித்துக்கொண்டிருந்த பெஞ்சுக்கு முன்னாலேயே நின்று, எல்லா டிரைவர்களும் கேட்க ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாராம். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த வாரமே இரண்டு வண்டிகள் பட்டறைக்கு வந்தன. முதலில் வந்த டிரைவர், "அண்ணே, தப்பா நினைச்சுட்டோம்" என்று தலையைச் சொறிந்தார்.

"நினைச்சதுதான் நினைச்சே, ஆயிலையாவது நேரத்துக்கு மாத்தியிருக்கலாம்ல?" என்று முள்ளு பாய்ந்தார்.