முன் சீட்டில் என் வேலை

எங்கள் காரின் ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காக ஓடியிருந்தால் நான் கொல்லிமலை ரோட்டை முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கவே மாட்டேன். அது சரியானபோது அந்த சீட்டும் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். காலையில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கவர்மென்ட் உத்தியோகக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். சாயங்காலம் அவர்களைக் கூட்டி வருவார். மலைமேல் திருப்புலி நாட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு வாத்தியார்களும், ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவரும் பின் சீட்டில். முன் சீட்டில் யாராவது ஒருவர்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். குக்கர் விசில் தள்ளிப் போனால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அவர் மலை ஏறி இறங்கும்வரை எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. எத்தனை வளைவு, எதிரே எத்தனை பஸ், லாரி. இதில் போன மழைக்காலத்தில் கார் வேறு கொதிக்க ஆரம்பித்தது.

முதல் தடவை பாதி மலையில் நின்றது. பானெட்டைத் திறந்தால் ஆவி. ஃபேன் சுற்றவில்லை. எல்லோரும் பனிமூட்டத்தில் இறங்கி நின்றார்களாம். பெரிய வாத்தியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏனுங்க, இந்தக் குளுருல எங்களுக்குப் பல்லு கிட்டுது. உங்க வண்டிக்கு மட்டும் காச்சலுங்களா?" என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேந்தமங்கலத்தில் ஒரு எலக்ட்ரீசியன் தம்பியிடம் காட்டினோம். ஃபேன் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டான். சில நாள் நன்றாக ஓடி, திரும்பவும் நின்றது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயை மாற்றினான். மறுபடியும் அதே கதை. சூடு பார்க்கும் சென்சாரை மாற்றினான். அவனைக் குறை சொல்ல முடியாது. பட்டறையில் வண்டியைச் சூடேற்றி எங்கள் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவான். ஃபேன் பறக்கும். மலையில் போய் ஒரு நாள் நிற்கும்.

கடைசியில் ஸ்டியரிங் பக்கத்தில் கறுப்பாக ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தான். "இனி சென்சார நம்ப வேண்டாங்ண்ணா. சூடு காட்டற முள்ளு பாதியத் தாண்டறாப்பல இருந்தா நீங்களே தட்டி உட்டுருங்க."

ஆனால் வளைவில் வண்டியைத் திருப்புகிறவர் எதிரே வருகிற பஸ்ஸைப் பார்ப்பாரா, முள்ளைப் பார்ப்பாரா? இரண்டு தடவை மறந்துவிட்டார். இரண்டாவது தடவை மறந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் சொன்னேன்.

"நான் வாரேனுங்க. முள்ள நான் பாத்துக்கறேன்."

"நீயா? நீ வந்தா இஞ்சினுக்கு முந்தி உனக்குச் சூடேறிருமே புள்ள!"

கேலி செய்தாலும் கூட்டிப் போனார். முன் சீட்டில் ஒரு ஆளை இழந்துதான் கூட்டிப் போனார். அந்த இடத்தை ஒரு கிளார்க் கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர். ஸ்டாப்பில் எங்கள் கார் தாண்டும்போதெல்லாம் குனிந்து முன் சீட்டைப் பார்ப்பார். நான் மடியில் வைத்திருந்த டிபன் பையைச் சரி செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவள். போர்டில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த முள்ளைப் படிக்க எந்த வாத்தியாரும் தேவைப்படவில்லை. கீழே குளிருக்கு சி, மேலே சூட்டுக்கு ஹெச், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு வருவதற்குள் ஸ்விட்சைத் தட்டுவேன். முன்னால் விர்ரென்று சத்தம் எழும். முள் தயங்கி நின்று, மெதுவாக இறங்கும். அதைப் பார்க்கும்போது என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கும். பிறந்ததிலிருந்து நான் பட்ட பயத்துக்கெல்லாம் அதுவரை ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. "அக்கா, எங்க ஆஸ்பத்திரிக்கு உங்களையே வேலைக்கு எடுத்துக்கலாம். பேஷண்டோட டெம்பரேச்சர இப்படிக் கண்ண எடுக்காம யாருமே பாக்க மாட்டாங்க" என்பார் நர்ஸம்மா. அவர் திருச்சிக்காரர்.

அந்தக் கோடை முழுவதும் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு நாங்கள் டீக்கடையில் உட்காருவோம். வீட்டில் அவரும் நானும் பேசுவது கேஸ் தீர்ந்ததையும் தண்ணீர் வந்ததையும்தான். அங்கே அவர் வேறு ஆளாக இருந்தார். தாண்டி வந்த வளைவுகளில் தனக்கு எது பிடிக்கும், எதில் இன்னமும் பயம் என்று சொன்னார். அவருக்கும் பயம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு மழை தொடங்கியது.

ஒரு காலை, மேல் வளைவுகளில் வண்டி ஏறும்போது மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. அவர் ஹெட்லைட்டைப் போட்டார். ஃபேன் சத்தம் கம்மியது. ஸ்விட்சைப் பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. முள் கோட்டைத் தாண்டியது.

"ஏனுங்க, லைட்ட அமத்துங்க."

"பனிக்குள்ள லைட்ட அமத்திட்டு எங்க போயி உழுகறதாம்?"

"நிறுத்தியாவது அமத்துங்க. லைட்டுப் போட்டதும் அது தொண்டையடச்சாப்பல ஆயிருச்சுங்க."

ஓரமாக நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லைட்டை அணைத்தார். விர்ரென்றது. போட்டார். முனகி நின்றது. அணைத்தார். மறுபடியும் விர்ரென்றது. பெரிய வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடடா, அதுதான் மழைக்கும் பனிக்கும் மட்டும் காச்சல் வந்துச்சுங்களா! அம்மணி காதுங்களா அது, ஸ்டெதாஸ்கோப்புங்களா?"

நர்ஸம்மா கை தட்டினார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

பனி விலகும்வரை அங்கேயே காத்திருந்து ஏறினோம். சாயங்காலம் சேந்தமங்கலம் போனதும் எலக்ட்ரீசியன் ஹெட்லைட்டைக் கழற்றினான். அதன் பின்னால் லைட்டின் எர்த் ஒயரும் ஃபேனின் எர்த் ஒயரும் ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தன. போல்ட்டுக்கு அடியில் துரு. இரண்டையும் ஒன்றாகத் தாங்க அதற்குத் தெம்பில்லை. பட்டறை வெயிலில் யார் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பார்கள்? துருவைத் தேய்த்து எடுத்தான். ஃபேனுக்குத் தனியாக ஒயர் இழுத்தான். லைட்டைப் போட்டான், ஃபேன் அசரவில்லை.

"இனி ஆயுசுக்கும் நிக்காதுங்ண்ணா. அந்த ஸ்விட்சயும் கழட்டிரலாங்களா? அசிங்கமாத் தொங்கீட்டு இருக்குது."

"கழட்டிரு சாமி," என்றார் அவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலச் சேலை மாற்றி, டிபன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எதுக்குப் புள்ள? அதான் சரியாயிருச்சே. அந்தக் கிளார்க்க வரச் சொல்லீட்டேன், பாவம், எத்தன நாளாக் கேக்கறாரு. நீ ஊட்டுல நிம்மதியா இரு."

கரிசனமாகத்தான் சொன்னார். பையை அவர் கையில் கொடுத்தேன். கார் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைட்டைப் பற்றிச் சொன்னது தப்பென்று நான் நினைக்கவில்லை. அத்தனை பேர் உயிர் ஏறி இறங்குகிற வண்டி. ஆனாலும் இந்த மழைக்காலம் மட்டுமாவது எனக்குக் கிடைத்திருக்கலாம். கடைசியாக டீக்கடையில் அவர் ஏதோ ஒரு வளைவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஆள் வந்துவிட்டதால் பாதியில் விட்டார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். வீட்டில் வைத்து அதைக் கேட்க வாய் வரவில்லை.

இப்போது பழையபடி வீட்டிலிருந்து பயப்படுகிறேன். மலைமேல் மேகம் இறங்கினால் வாசலில் போய் நிற்கிறேன். அவர் வந்ததும், "ஃபேன் ஓடுச்சுங்களா?" என்பேன்.

"ஓடாம என்ன? அதத்தான் நீ சரி பண்ணீட்டயே!" என்பார். அவருக்கு அதில் பெருமைதான்.

போன வாரம் கடைவீதியில் நர்ஸம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாம வண்டி சப்புன்னு இருக்குக்கா" என்றார். பிறகு சிரித்தார். "முன்னாடி உக்கார்றாரே கிளார்க்கு, முதல் வளைவு தாண்டறதுக்குள்ள தூங்கிடுறாரு. மேல போயி நாங்கதான் எழுப்பணும்."

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முள்ளை யாருமே பார்ப்பதில்லை என்பதுதான் மனதில் ஓடியது.