இடது கைக் காளான்

பதுளை ஆஸ்பத்திரியில் நான் காய்ச்சலோடு கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வார்டுக்குள்ளும் குரங்குத் தொப்பியைக் கழற்றமாட்டார். விஷக் காளான் கறி தின்றுவிட்டு, அவரும் மனைவியும் வாந்தியோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

யாரைக் கண்டாலும் இரண்டு கைகளையும் குடைபோலக் கவிழ்த்துக் காட்டுவார். வலது கை நல்ல காளான், இடது கை கெட்டது.

"ரெண்டும் ஒரே சாதிதாங்க. நல்லதுக்கு அடி மடிப்பு கடைசிவரைக்கும் வெள்ளை. இந்தக் களவாணி விரிஞ்ச பொறகுதான் பச்சையாகுமாம். மொட்டுல ரெண்டும் வெள்ளை! இது என்னங்க நியாயம்?"

"அப்புறம் எத நம்பித் தின்னீங்க?"

"மஞ்சள் போட்டுத்தான் அவிச்சோம். விஷமா இருந்தா கறுக்கணும். கறுக்கலியே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "மஞ்சளுக்கு என்னங்க தெரியும்? அங்க உங்க சம்சாரத்துக்கு இன்னும் சேலைன் ஏறுது!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு கைகளும் மடியில் விழுந்தன. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாவங்க அவ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மஞ்சளைக் கொஞ்சம் கம்மியாப் போட்டுட்டா."

காய்ச்சல் மறுநாளே விட்டது. அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் விடவில்லை.