அணைச்சிடாத, வந்துடறேன்

லிஃப்ட் மெக்கானிக் படியேறிச் செத்தார் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். துக்கத்துக்கு வந்தவர்களிலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஏழாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தது. சரிசெய்யப் போனவர் வேறு வழியில்லாமல் படியேறினார். ஐந்தாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

போன் வந்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயதிலும் வேலை விட்டு வந்தால் அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டிதான். கேசட்டை ‘ஃபூ’ என்று ஊதிச் செருகினால்தான் அது கண் திறக்கும். கட்டம் கட்டமாய் ஒரு குட்டி மனிதன் ஓடுவான், குதிப்பான், குழியில் விழுந்து சாவான்.

"போன்லயே ஆயிரம் கேம் இருக்கே, இந்த ஓட்டை உடைசலை ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இதுல விட்ட இடத்தைச் சேத்து வைக்க முடியாது. செத்தா முதல்லேர்ந்துதான். அதுதான் ருசி."

அன்றைக்கும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, செருப்பை மாட்டியபடியே, "அணைச்சிடாத, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அணைக்கவில்லை. பதினோரு நாளாகப் பெட்டி ஓடுகிறது. அதிசயமாக ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. குட்டி மனிதன் குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றான். அவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள், டோக்கன் கொடுத்து ஆட்களை முறைப்படி உள்ளே அனுப்பினாள், வந்து சாப்பிட்டாள், டிவியைத் துடைத்தாள். மனசு மரத்துப்போயிருந்தது. திரையின் இடது மூலையில் 1, வலது மூலையில் 3 என்று இருந்தது. என்ன கணக்கோ, அவள் கேட்டதே இல்லை. பெட்டியைத் தொட்டால் சுட்டது. வீட்டில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் காலை, மீட்டர் பக்கம் கருகல் வாடை வந்தது. எலக்ட்ரீஷியனான கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"மெயினை நிறுத்தணும் அண்ணி. விட்டா வீடே பத்திக்கும்."

"டிவிக்கு மட்டும் விட்டுட முடியாதா தம்பி?"

அவன் திரையைப் பார்த்தான். "எப்படியும் போயிடும் அண்ணி. நீங்களே ஆடி முடிச்சிடுங்களேன்."

கல்யாணமான புதிதில் அவர் ஒரு ஜாய்ஸ்டிக்கை அவள் பக்கம் நீட்டியிருக்கிறார். "எனக்கு வேற வேலையில்லையா?" என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

இப்போது எடுத்து ஒரு பட்டனை அழுத்தினாள். குட்டி மனிதன் நேரே குழியில் விழுந்தான். பதினோரு நாள் நின்றவன் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டான். இப்போதாவது மனசை ஏதாவது செய்யும் என்று பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

"சரி, நிறுத்திடுங்க தம்பி."

ஆனால் திரை மறுபடி வெளிச்சமானது. பச்சைச் சட்டையில் இன்னொரு குட்டி மனிதன், ஆட்டத்தின் தொடக்கத்தில் நின்றான்.

"இது யாரு?"

"ரெண்டாவது ஆள் அண்ணி. ஒருத்தரோட உயிரெல்லாம் தீந்தாதான் அடுத்தவர் முறை வரும். அண்ணன் எப்பவும் ரெண்டு பேர்னுதான் ஆரம்பிப்பாரு. தன்னோடது தீந்ததும் அணைச்சிடுவாரு." கொழுந்தன் திரையிலிருந்த எண்ணைக் காட்டினான். "மூணு உயிர் சும்மாதானே கிடக்கு, அதையும் ஆடேன்னு ஒருநாள் சொன்னேன். ‘அது அவளோடதுடா’ன்னாரு."

வலது மூலையில் 3 அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு வலித்தது. முதல் தடவையாக, நன்றாகவே வலித்தது.

இரண்டாவது ஜாய்ஸ்டிக் டிவிக்குப் பின்னால் வயர் சுற்றியபடியே கிடந்தது. எடுத்துப் பிரித்தாள்.

"மெயின் கொஞ்ச நேரம் தாங்குமா தம்பி?"

"அஞ்சு நிமிஷம் தாங்கும்."

"குதிக்கிறதுக்கு எந்தப் பட்டன்?"